ஒரே பெட்டித் தேன், இரண்டு நிறம்

போன தடவை வாங்கிய தேன் பொன்னிறமாக இருந்தது, இப்போது வாங்கியது கறுத்திருக்கிறது, அதனால் வெல்லப்பாகு கலந்திருக்கிறார்கள்: தேன் விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு இது. நிறத்தை மட்டும் வைத்துச் சொன்னால் இது நியாயமே இல்லை.

மார்த்தாண்டம் பக்கம் பாருங்கள். அங்கே பெட்டித் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்தின் கொடை. அதுவும் பூவிலிருந்து வருவதில்லை. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் இனிப்பு நீர் துளிர்க்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேனீக்கள் அதைத்தான் உறிஞ்சிச் சேர்க்கின்றன. அந்தத் தேன் வெளிர் நிறம். அதே பெட்டியை நாவல் பூக்கும் இடத்தில் வைத்தால் கருஞ்சிவப்பாக, லேசான கசப்போடு வேறொரு தேன் கிடைக்கும். தாவரத்திலிருந்து வரும் தாதுக்களும் பாலிஃபீனால்களும் நிறமிகளும் மகரந்தமும்தான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

தேனீ தான் உறிஞ்சியதன் நிறத்தை மாற்றுவதில்லை. 2012-இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில், ரிபோவில்லே ஊரருகே அடைகளில் நீலமும் பச்சையுமாகத் தேன் நிறைந்தது. கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் பக்கத்து ஆலைக்கு வந்த எம் அண்ட் எம்ஸ் மிட்டாய்க் கழிவைத் தேனீக்கள் நக்கியிருந்தன. வளர்த்தவர்கள் அதை விற்கவில்லை.

எடுக்கும் விதமும் சேர்ந்துகொள்ளும். பெட்டித் தேனைச் சட்டத்தோடு எந்திரத்தில் சுழற்றி எடுப்பதால் தெளிவாக வரும். மலைத்தேனை அடையோடு பிழிந்தால் மகரந்தமும் மெழுகுத் துணுக்குகளும் கலந்து கலங்கலாக இருக்கும்.

வாங்கி வைத்த பிறகும் நிறம் நிற்பதில்லை. தேனிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் மெல்ல வினைபுரிந்து பழுப்பேற்றுகின்றன. தோசை முறுகும்போது நடப்பதும் இதே வினைதான். நம் ஊர் வெயிலில் இது விரைவாகவே நடக்கும். தேனைச் சூடாக்கினாலும் நெடுநாள் வைத்தாலும் ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபுரால் என்ற பொருள் கூடும். அது கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுத் தர விதி. பழைய தேன் கறுப்பது கலப்படம் அல்ல. அடுப்பில் காய்ச்சிக் கறுக்கவைத்தால்தான் கெடுதல்.

எதிர்த்திசையிலும் மாறும். உறைந்த தேன் வெளுத்துத் தெரியும். குளுக்கோஸ் பிரிந்து நுண்ணிய படிகங்களாகும்போது அவை ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெளுப்பு அது. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும் ரகம். அடியில் குருணையாகப் படிந்திருப்பதைக் கண்டு சீனி கலந்ததாக எண்ணிக் கொட்டிவிடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தாலே இளகும், பழைய நிறமும் திரும்பும்.

கறுப்புத் தேனில் தாதுக்கள் பொதுவாகக் கூடுதல்தான். அதற்காக வெளிர் தேன் மட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போகிறதா என்ற சோதனையையும் நம்பாதீர்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படியே போகும். கலப்படத்தை ஆய்வகம்தான் உறுதிசெய்ய முடியும். கடையில் நாம் கேட்க வேண்டியது வேறு: எந்த மாதம் எடுத்தது, எந்தப் பகுதித் தேன், காய்ச்சினார்களா. தேன் எடுத்தவரே விற்கிறார் என்றால், இந்த மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்வார்.