நடுவரை யார் தேர்ந்தெடுப்பது?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே சுற்றி வருகிறது. ஒன்று, ஆள்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி தேவைப்படும் நிறுவனங்களின் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்தது. மற்றொன்று, எல்லாத் தொழிற்சாலைகளிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயமானது. இரண்டும் முக்கியமானவையே. ஆனால், தகராறு எழுந்த பிறகு அதை யார் தீர்ப்பது, எவ்வளவு காலத்தில் தீர்ப்பது என்ற கேள்வி அதே அளவுக்குப் பேசப்படவில்லை.

பணியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு தொழிலாளியைப் பொறுத்தவரை அதுதான் முதன்மையான கேள்வி. வழக்கு ஓராண்டு நீண்டால் நிறுவனத்தின் கணக்கில் வழக்கறிஞர் கட்டணம் என்ற ஒரு வரி கூடும். தொழிலாளியின் வீட்டிலோ பிள்ளையின் கல்விக் கட்டணம் நின்றுபோகும். நகை அடகுக்குப் போகும். காத்திருப்பதற்கான விலை இரு தரப்புக்கும் சமமாக இல்லாதபோது, தாமதமே ஒரு தரப்பின் பேரம்பேசும் ஆயுதமாகிவிடுகிறது. தனக்கு உரியதில் பாதியைப் பெற்றுக்கொண்டு வழக்கைக் கைவிடும் தொழிலாளி சமரசம் செய்துகொள்ளவில்லை. காத்திருக்க முடியாமல் விலகுகிறார்.

பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, சமரசப் பேச்சு முறிந்தால் தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அரசே முடிவு செய்தது. தனிநபர் பணிநீக்க வழக்குகளில் தொழிலாளி நேரடியாகத் தீர்ப்பாயத்தை அணுகும் வழி 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நாடு முழுவதும் திறந்தது. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த வாசலைப் பிற தகராறுகளுக்கும் திறந்துவிட்டிருக்கிறது. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், வாசல் அகலமானால் வரிசையும் நீளும். நீதித்துறை உறுப்பினர் ஒருவர், நிர்வாக உறுப்பினர் ஒருவர் என அமையும் புதிய தீர்ப்பாயங்கள் மட்டுமே இந்தச் சுமையைத் தாங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

அதே சட்டத் தொகுப்பின் 42-ஆம் பிரிவு இன்னொரு வழியையும் சொல்கிறது. அது தன்விருப்ப நடுவர் முறை. சமரச அலுவலர் இரு தரப்பையும் பேசவைக்கலாம். தீர்ப்புச் சொல்ல முடியாது. தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்லும். ஆனால், அதில் அமர்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தகராறில் உள்ளவர்களுக்கு இல்லை. நடுவர் முறையில் நிர்வாகமும் தொழிலாளர்களும் எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்து, தாங்கள் இருவரும் நம்பும் ஒருவரிடம் பிரச்சினையை ஒப்படைக்கின்றனர். அவர் சொல்வது இருவரையும் கட்டுப்படுத்தும்.

இது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான எண்ணம் அன்று. 1917-இல் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போகாமலிருக்க ஆலை முதலாளிகள் கூடுதல் தொகை வழங்கினர். நோய் அடங்கியதும் அதை நிறுத்தினர். விலைவாசியை ஈடுகட்ட 35 விழுக்காடு ஊதிய உயர்வு வேண்டும் என்றனர் தொழிலாளர்கள். 20 விழுக்காட்டுக்கு மேல் இயலாது என்றனர் முதலாளிகள். 1918 மார்ச்சில், காந்தியின் உண்ணாநோன்புக்குப் பிறகு எட்டப்பட்ட உடன்பாடு சுவையானது. முதல் நாள் 35 விழுக்காடு, இரண்டாம் நாள் 20 விழுக்காடு, மூன்றாம் நாள் தொடங்கி நடுவர் தீர்ப்பு வரும்வரை 27.5 விழுக்காடு. இரு தரப்பின் சபதமும் ஒவ்வொரு நாள் காப்பாற்றப்பட்டது, பிறகு சராசரி, அதன் பின் நடுவர் தீர்ப்பு. நடுவராக அமர்ந்த ஆனந்தசங்கர் துருவா பொருளியல் வல்லுநர் அல்லர்; சம்ஸ்கிருத அறிஞர், கல்லூரிப் பேராசிரியர். இரு தரப்பும் அவரை ஏற்றன என்பதே அவருடைய தகுதி. அவர் அளித்த தீர்ப்பு 35 விழுக்காடு.

விடுதலைக்குப் பின் மத்திய தொழிலாளர் அமைச்சராக இருந்த வி.வி. கிரி, கட்டாயத் தீர்ப்பாய முறையை ஏற்காதவர். இரு தரப்பும் பேசித் தீர்க்க வேண்டும், முடியாதபோது தாங்களே தேர்ந்த நடுவரிடம் செல்ல வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. வங்கி ஊழியர் தொடர்பான தீர்ப்பை அரசு மாற்றியமைத்தபோது 1954-இல் அவர் பதவி விலகினார். 1956-இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் நடுவர் முறைக்கென 10ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1958-இல் நைனிடாலில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு ஏற்ற ஒழுங்கு நெறியும் அந்த முறையை ஊக்குவித்தது. எனினும் அது வேர்பிடிக்கவில்லை.

காரணங்கள் தெளிவானவை. ஒரே ஆலையில் நான்கு சங்கங்கள் இருந்தால், எந்தச் சங்கம் கையெழுத்திடுவது? நடுவருக்கான கட்டணத்தை யார் தருவது? இருவரும் நம்பும் மனிதரை எங்கே தேடுவது? இவை எவற்றுக்கும் விடை இல்லாதபோது, அரசு தீர்ப்பாயத்துக்கு அனுப்பும்வரை காத்திருப்பதே எளிதாகத் தோன்றியது.

நடுவரிடம் சென்றாலே எல்லாம் விரைந்து முடிந்துவிடும் என்பதும் உண்மையன்று. குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கு அதற்குச் சான்று. 1973-இல் வேலைநிறுத்தத்தை ஒட்டி நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நீக்கப்பட்டனர். இரு தரப்பும் ஏற்ற நடுவர் நிர்வாகத்தின் நடவடிக்கை சரியே என்றார். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1979-இல் உச்ச நீதிமன்றம் தொழிலாளர்களை மீண்டும் பணியில் சேர்க்கும் முடிவை உறுதி செய்தது. தண்டனையின் கடுமையை ஆராயும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இருப்பது போலவே நடுவருக்கும் உண்டு என்றும் கூறியது. இடையில் போனவை ஆறு ஆண்டுகள். ஆயினும், நடுவரும் சட்டத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டவரே என்ற கோட்பாடு இதனால் உறுதிப்பட்டது. அந்தக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் நடுவர் முறை என்னவாகும் என்பதை அமெரிக்காவில் காண்கிறோம்.

அங்கே ஒரே சொல்லால் இரண்டு வேறுபட்ட ஏற்பாடுகள் குறிக்கப்படுகின்றன. முதலாவது, தொழிற்சங்கமும் நிர்வாகமும் கூட்டு ஒப்பந்தத்தின் வழியே அமைத்துக்கொள்ளும் நடுவர் முறை. நடுவரை இருவரும் சேர்ந்து தேர்கின்றனர், செலவைப் பகிர்ந்துகொள்கின்றனர். 1960-இல் எஃகுத் தொழிலாளர் சங்க வழக்குகளில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இம்முறைக்கு வலுவான ஆதரவு தந்தது. இரண்டாவது, வேலைக்குச் சேரும் நாளில் பணியாளர் கையெழுத்திடும் தாள்களுக்கு இடையே இருக்கும் ஒரு விதி: எந்தத் தகராறானாலும் நீதிமன்றம் செல்லமாட்டேன், தனியார் நடுவரிடமே செல்வேன். இத்தகைய விதிகளுக்கு உட்பட்ட தொழிலாளர்கள் ஆறு கோடிக்கும் அதிகம் என்று 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதே ஆண்டில், இவ்விதிகளின் மூலம் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடர்வதையும் நிறுவனங்கள் தடுக்கலாம் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பாலியல் துன்புறுத்தல் புகார்கள்கூட இவ்வாறு மூடிய அறைக்குள் முடங்கின. 2022-இல் தனிச் சட்டம் இயற்றித்தான் அவற்றை மீட்க வேண்டியிருந்தது.

முதலாவது ஏற்பாட்டில் நடுவர் இருவருடைய தேர்வு. இரண்டாவதில் அவர் வலியவரின் நிபந்தனை. விரைவு, செலவுக் குறைவு, இரகசியம் என்று நடுவர் முறைக்குச் சொல்லப்படும் நன்மைகள் இரண்டுக்கும் பொதுவானவையே. நம்பிக்கை மட்டும் முதலாவதற்கே உரியது.

இந்தியாவில் இந்த இரண்டாவது வகை இன்னும் முழுமையாக நுழைந்துவிடவில்லை. ஊதிய பாக்கி கேட்ட விமான நிறுவன ஊழியர்களைப் பணி ஒப்பந்த விதியைக் காட்டித் தனியார் நடுவரிடம் அனுப்ப முயன்றபோது, தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும் தகராறுகளை 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் கீழ் கொண்டுசெல்ல இயலாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2012-இல் கூறியது. ஆனால், இந்தப் பாதுகாப்பு சட்டம் ‘தொழிலாளி’ என்று ஏற்பவருக்கே. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வைப் பணியாளரும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றனர். பணி நியமனக் கடிதத்தை முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் இளைஞர்கள் எத்தனை பேர்? படித்தாலும், ஒரு விதியை நீக்குங்கள் என்று கேட்கும் நிலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்?

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, கூட்டாகத் தேர்ந்தெடுக்கும் நடுவர் முறைக்கு உயிரூட்டுவது. புதிய தொகுப்பின்படி 51 விழுக்காடு தொழிலாளர்களின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைக்குரிய தனிச் சங்கமாகிறது. யார் கையெழுத்திடுவது என்ற பழைய சிக்கலுக்கு இதில் ஓரளவு விடை இருக்கிறது. திருப்பூர், கோவை, ஒசூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற தொழிற்பகுதிகள் ஒவ்வொன்றுக்கும், தொழிற்சங்கங்களும் தொழிலதிபர் சங்கங்களும் இணைந்து ஏற்கும் நடுவர் பட்டியலை மாநிலத் தொழிலாளர் துறை பராமரிக்கலாம். நடுவர் கட்டணத்தை நிர்வாகம் மட்டும் செலுத்தினால் ஐயம் எழும். தொழிலாளியால் செலுத்த இயலாது. அரசும் இரு தரப்பும் பங்களிக்கும் பொது நிதி ஒன்றே அதற்கு வழி. இத்தனை நாளுக்குள் தீர்ப்பு என்ற காலவரம்பும், காரணங்கள் எழுத்தில் தரப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, வேலையில் சேரும்போதே எழுதி வாங்கப்படும் நடுவர் விதி பணியாளரைக் கட்டுப்படுத்தாது என்று சட்டம் தெளிவாகச் சொல்வது. தகராறு எழுந்த பிறகு, விவரம் அறிந்து தரும் சம்மதமே சம்மதம்.

நடுவர் முறைக்கும் எல்லை உண்டு. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் தொடங்கி 37 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தின் மையத்தில் ஊதியத்தைவிடச் சங்கப் பதிவும் அங்கீகாரமுமே இருந்தன. சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. சங்கம் அமைப்பது அரசியலமைப்பு தந்த உரிமை. அது உண்டா இல்லையா என்று நடுவரிடம் கேட்க முடியாது. மேசையின் மறுபுறத்தில் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதை ஏற்ற பிறகுதான் இருவருக்கும் நடுவே ஒருவரை அமர்த்துவது பற்றிப் பேச முடியும். ஊதியம், போனஸ், இடமாற்றம், பணிச்சுமை, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை அதன்பின் வரும் கேள்விகள்.

1918-இல் எந்தச் சட்டப்பிரிவும் இல்லாமலே இரு தரப்பும் ஒரு பேராசிரியரை நம்பின. இன்று சட்டப்பிரிவு இருக்கிறது. இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் நிலையை உருவாக்கினால் அது தொழிலாளிக்கும் தொழிலுக்கும் பயன்படும். உருவாக்கத் தவறினால், நடுவர் என்ற நல்ல சொல் நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்தாகச் சுருங்கிவிடும்.