ஒலிபெருக்கி வாங்குமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

பாயான் லெப்பாஸில் நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தூங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். இரவு முழுக்கத் தொழிற்சாலையில் நின்று வேலை செய்தவர்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். இரவு முறை வரும் வாரங்களில் மாலை ஆறரைக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுவார். மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார். குளித்து, பசியாறி, அறைக் கதவைச் சாத்தினால், பிற்பகல் மூன்று மணிவரை எங்கள் வீட்டில் கரண்டிகூடச் சத்தம் போடாது.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சென்ற ஆண்டு ஒரு புளூடூத் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு போனேன். தொழிற்பயிற்சியில் கிடைத்த முதல் மாத அலவன்ஸ் அது. கடைக்காரப் பையன், "பாஸ், பேஸ் கேட்டுப் பாருங்க" என்று மேசை அதிரும் அளவுக்கு முடுக்கிவிட்டான். நெஞ்சில் இடித்தது. 200 வெள்ளிக்கும் மேல் கொடுத்து வாங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் பகல் ஒரு மணிக்கு அப்பா அறையைவிட்டு வெளியே வந்தார். திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார். "சத்தம் கம்மியாத்தானேப்பா வச்சிருக்கேன்" என்றேன். "பாட்டு கேக்கலடா. திம்மு திம்முன்னு ஒண்ணு வருது பாரு, அதுதான். தலைக்குள்ள லோரி ஓடுற மாதிரி இருக்கு" என்றார். அன்றிரவும் அவருக்கு வேலை. பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும்.

அப்பா சொன்னது முழு அறிவியல். படிவம் நான்கு இயற்பியலில் அலைகள் பாடத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய எனக்கு, அது வீட்டுச் சுவரைப் பற்றிய பாடம் என்று அதுவரை தோன்றவில்லை. சுவர் எல்லா ஒலியையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. பொதுக் கணக்கின்படி, ஒலியின் அதிர்வெண் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் சுவரின் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபெல் குறைகிறது. 1600 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு வர நான்கு முறை பாதியாக்க வேண்டும். தடுப்பில் 24 டெசிபெல் போய்விடும். பாடகரின் குரலும் வயலினும் சுவரோடு நின்றுவிட, அடித்தாளம் மட்டும் அந்தப் பக்கம் போகிறது. அறைக்குள் இருக்கும் நமக்குக் கேட்பது பாட்டு. சுவருக்கு அப்பால் இருப்பவருக்குக் கேட்பது இடி மட்டும். எங்கள் அடுக்குமாடியில் ஒரு பக்கத்து வீட்டில் மக்சிக் ஒருவர் கைக்குழந்தையோடு இருக்கிறார். மறுபக்கத்துச் சீனக் குடும்பத்திலும் ஒருவர் இரவு முறைதான்.

ஆனால் கடைகள் விற்பதெல்லாம் இந்த அடித்தாளத்தைத்தான். 'மெகா பேஸ்', 'எக்ஸ்ட்ரா பேஸ்', 'சூப்பர் பேஸ்' என்று எழுதாத பெட்டியே இல்லை. அதற்கும் காரணம் உண்டு. மெதுவான ஒலியில் நம் காதுக்கு அடித்தாளம் சரியாகக் கேட்காது. ஒலி கூடக்கூட அது நிறைந்து கேட்கும். பிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933ஆம் ஆண்டிலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். கடைக்காரப் பையன் முடுக்கிவிட்டுக் காட்டியபோது நான் கேட்டு மயங்கியது பொருளின் தரமா, சத்தத்தின் அளவா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு ஒலிபெருக்கிகளை ஒப்பிடும்போது சற்றே சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். அதனால் ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. யாரும் செய்து நான் பார்த்ததில்லை. கடையில் ஒலியை மிகக் குறைந்த அளவில் வைத்துக் கேளுங்கள். சிலவற்றில் முதல் படியே அறையை நிறைத்துவிடும். அதற்குக் கீழே ஊமைதான். சிலவற்றில் ஒலியைக் குறைத்ததும் குரல் கரைந்துபோய் இரைச்சல் மட்டும் மிஞ்சும். குறைந்த ஒலியில் ஒரு செய்தி வாசிப்பின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டால், அந்தப் பொருளை நம்பி வாங்கலாம். அப்படியே ஒருமுறை அணைத்து மீண்டும் முடுக்கிப் பாருங்கள். நான் வாங்கியது ஒவ்வொரு முறையும் "புளூடூத் கனெக்டட்" என்று ஆங்கிலத்தில் கத்தும். அந்தக் குரலைக் குறைக்க வழியே இல்லை. அதிகாலையில் பாட்டி அதைக் கேட்டு, யாரோ வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று எழுந்து போய்ப் பார்த்தார்.

வாட் கணக்குக்கு வருவோம். இணையக் கடைகளில் 40 வெள்ளிக்கு '50 வாட்' என்று விற்கிறார்கள். கால்குலேட்டரை எடுங்கள். 1200 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் என்று மின்கலத்தில் போட்டிருந்தால் அதில் இருப்பது சுமார் 4.4 வாட் மணி. உண்மையிலேயே 50 வாட் இழுத்தால் ஐந்து நிமிடத்தில் அது தீர்ந்துபோகும். அதே பெட்டியில் 'எட்டு மணி நேரம் பாடும்' என்றும் எழுதியிருந்தால், எழுதியவரே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று பொருள். முறையான நிறுவனத்தின் எண்களையும் இப்படிப் பார்க்கலாம். ஜேபிஎல் பிளிப் 6 என்பதில் இருப்பது 17.28 வாட் மணி மின்கலம். 12 மணி நேரம் பாடும் என்கிறார்கள். வகுத்தால் சராசரி ஒன்றரை வாட்கூட இல்லை. அதன் திறன் 30 வாட். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அடக்கமாகக் கேட்டால்தான் 12 மணி நேரம் என்பதே இதன் பொருள். ஒரு வீட்டுக்கு ஒன்றரை வாட் போதும் என்பதும் இதிலேயே தெரிகிறது.

மலிவுப் பொருளில் இன்னொன்றையும் பாருங்கள். கம்பியில்லா இணைப்புள்ள சாதனங்களுக்கு இந்நாட்டில் சிரிம் சான்றும் எம்சிஎம்சி முத்திரையும் தேவை. முத்திரை இல்லாத பெட்டியை நான் இனித் தொடமாட்டேன்.

அப்பாவிடம் ஒருநாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் அமைத்தது இங்கே பினாங்கில்தான். 1998இல் புளூடூத்துக்காக ஐந்து நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்தபோது அதில் இண்டெலும் ஒன்று. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஒருவனின் பட்டப்பெயரை இந்தத் தொழில்நுட்பத்துக்கு வைக்கலாம் என்று சொன்னவரும் இண்டெல் பொறியாளர் ஒருவர்தான். அப்பா சிரித்தார். "அப்ப எங்க ஊரு ஆளுங்கதான் என் தூக்கத்தக் கெடுக்கிறாங்கன்னு சொல்லு."

பாட்டியின் கதை வேறு. பாட்டிக்குக் காலையில் மின்னல் எப்எம் வேண்டும். பழைய டிரான்சிஸ்டர் கெட்டுப்போனதும், "அதான் புளூடூத் இருக்கே பாட்டி" என்று பெருமையாகக் காட்டினேன். ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கி வீட்டில் இருக்கும். கைத்தொலைபேசி என்னோடு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். புளூடூத் ஒலிபெருக்கி தானாக எதையும் பாடாது. கைத்தொலைபேசி வைத்திருப்பவர்தான் அதன் முதலாளி. கடைசியில் பாட்டிக்கு வானொலி அலைவாங்கியும் திருகும் குமிழும் உள்ள ஒரு சிறிய பெட்டியைத் தனியே வாங்கினோம். விலை என் ஒலிபெருக்கியில் பாதிகூட இல்லை. குமிழைத் திருகினால் பேசும்; எதிர்ப்பக்கம் திருகினால் நிற்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்கப்போகும் நண்பர்கள், பெட்டிக்குள் எப்எம் இருக்கிறதா, பொத்தான்கள் கைக்குத் தட்டுப்படுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

கடற்கரைக்கு எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு சொல். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். அதிலுள்ள எக்ஸ், தூசுக்குச் சோதிக்கவில்லை என்பதைக் குறிக்கிறது. ஐபி67இல்தான் தூசுக்கும் காப்பு உண்டு. தெலுக் கும்பார் மணலுக்கு இரண்டாவது வகையே நல்லது. சோதனை செய்வது நன்னீரில். கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஈரம் முழுக்க உலர்ந்த பிறகே மின்னேற்றுங்கள். (கடற்கரையில் எல்லாரும் கேட்கட்டும் என்று நாம் பாட்டுப் போடவேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. பேருந்திலும் மலையேறும் பாதையிலும் அப்படித்தான்.)

எனக்கு உறுத்தும் இன்னொன்று மின்கலம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். பெரும்பாலான ஒலிபெருக்கிகளில் நாமே கழற்றி மாற்ற முடியாது. நல்ல ஒலிபெருக்கி ஒரு சின்ன மின்கலத்துக்காகக் குப்பைக்குப் போகிறது. கையடக்கச் சாதனங்களின் மின்கலத்தைப் பயனரே மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்ற விதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் சில விலக்குகளோடு 2027 பிப்ரவரி 18 முதல் நடப்புக்கு வருகிறது. அவசரம் இல்லாதவர்கள் அதுவரை பொறுத்திருந்து பார்க்கலாம்.

என்னுடையதை நான் விற்கவில்லை. செயலியில் அடித்தாளத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டேன். சுவரை ஒட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, சமையலறைப் பக்கம் மடித்த துண்டின்மேல் வைத்திருக்கிறேன். பாட்டு முன்பைவிடத் தெளிவாகவே கேட்கிறது. இப்போது தம்பியின் முறை. எஸ்பிஎம் முடிந்ததும் விளக்குகள் மின்னும் பெரிய ஒலிபெருக்கி ஒன்று வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். வாங்கட்டும். வாங்கி வந்த அன்றே, அவனை அப்பாவின் அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் அவனுக்குப் பிடித்த பாட்டையே போடப்போகிறேன். கடை ரசீதை அதுவரை அம்மா பத்திரமாக வைத்திருப்பார்.