மூடிய கண்களும் திறந்த செவிகளும்

கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு தாய் நமக்கு எழுதியுள்ளார். பத்தாம் வகுப்பில் பயிலும் தம் மகன் ‘பிளட்ஸ்போர்ட்’ என்னும் ஆங்கிலப் படத்தைக் கைப்பேசியில் பலமுறை பார்த்துவிட்டதாகவும், அது நடந்த கதையே என்று சாதிப்பதாகவும், திருத்தணியில் கராத்தே வகுப்புக்கும் சென்று வருவதாகவும் கூறி, வகுப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். இக்கேள்வி வேறு இல்லங்களிலும் எழக்கூடியதாகையால் இப்பகுதியிலேயே விடை தருகிறோம்.

1988ஆம் ஆண்டு வெளிவந்த இப்படம் 25 இலட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்டது. அமெரிக்கத் திரையுலகின் கணக்கில் இது அற்பத் தொகை. அதன் நாயகனாக நடித்த ஜான் க்ளாட் வான் டாமை உலகறியச் செய்ததும் இதுவே. ஹாங்காங் நகரின் மறைவிடமொன்றில் நடக்கும் ‘குமித்தே’ என்னும் இரகசியப் போட்டிக்கு, பல நாட்டு வீரர்கள் வந்து மோதுகின்றனர். சுற்றிலும் நிற்போர் பணத்தாள்களை உயர்த்திப் பிடித்துப் பந்தயம் கூவுகின்றனர். சண்டைகள் விறுவிறுப்பாக அமைந்துள்ளன என்பதை மறைப்பானேன்? நடிப்பைப் பற்றிச் சொல்வதற்குத்தான் ஒன்றுமில்லை.

‘உண்மைக் கதை’ என்ற விளம்பரத்தை முதலில் பார்ப்போம். பிராங்க் ட்யூக்ஸ் என்ற அமெரிக்கர் தம் வாழ்வில் நிகழ்ந்ததாகக் கூறியவற்றைக் கொண்டே படம் எடுக்கப்பட்டது. படம் வெளிவந்த அதே ஆண்டில் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ நாளேடு இதனை ஆராய்ந்தது. அவர் வென்றதாகக் காட்டிய கோப்பை அவர் வாழ்ந்த வட்டாரத்துக் கடையொன்றிலேயே செய்யப்பட்டதற்கு இரசீது உண்டென்று அவ்வேடு எழுதியது, அவரோ மறுத்தார். அவர் விவரித்த அப்போட்டி நடந்ததென்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இன்றுவரை வெளிவரவில்லை. நம் வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகள்கூட ஊரறிய மேடையிட்டன்றோ மோதின!

கதை பொய்யாயினும், பார்க்கும் பிள்ளையின் உள்ளத்தில் நிகழ்வது பொய்யன்று. இதனை நன்கறிந்தவர் புனித அகுஸ்தினார். தம் ‘பாவ அறிக்கை’ நூலின் ஆறாம் பகுதியில் அலிப்பியுஸ் என்ற தம் நண்பரைப் பற்றி அவர் விவரிக்கிறார். சட்டம் பயில உரோமைக்குச் சென்ற அவ்விளைஞருக்கு வாட்போர்க் களியாட்டங்கள் அறவே பிடிக்காது. ஒருநாள் தோழர்கள் அவரை வலிந்து அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். உடல் அங்கிருந்தாலும் உள்ளம் அங்கிராது என்று உறுதி கூறி அவர் கண்களை மூடிக்கொண்டார். செவிகளை மூடவில்லை. வீரனொருவன் வீழ்ந்ததும் கூட்டம் எழுப்பிய பேரொலியில் கண் திறந்தார், திறந்தவர் மூடவில்லை, தாமும் கூவினார், பின்னர் பிறரையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றார்.

இப்போது படத்திற்கு வருவோம். கொடியவனான சோங் லீ எதிராளியை மேடையிலேயே கொன்றுவிடுகிறான். போட்டியை நடத்தும் பெரியோர் முகஞ்சுளித்து அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கின்றனர். முதுகைக் காட்டியவர்கள் அடுத்த சண்டையை நிறுத்தினார்களா? இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் நாமும் படத்தை நிறுத்துவதில்லை. இனி நாயகன் பழிவாங்குவான் என்று ஆவலோடு காத்திருக்கிறோம். தாயே, கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதற்கு முன், ஒருமுறை மகனோடு அமர்ந்து அவ்விடம்வரை பாருங்கள். அங்கே நிறுத்தி, ‘நீ இப்போது யார் பக்கம் நிற்கிறாய்? அடிபட்டுக் கிடப்பவன் பக்கமா, கூவுகிறவர்கள் பக்கமா?’ என்று கேளுங்கள். உடனே விடை வராவிட்டாலும் கவலையில்லை. அந்த அலிப்பியுஸ்தான் 387ஆம் ஆண்டு மிலான் நகரில் புனித அம்புரோசியார் கையால் அகுஸ்தினாருடன் திருமுழுக்குப் பெற்று, பின்னாளில் தகாஸ்தே நகரின் ஆயரானார்.

இனி கராத்தே வகுப்பு. ‘குமித்தே’ என்பது இரகசியமான சொல்லன்று. இருவர் எதிரெதிர் நின்று செய்யும் பயிற்சிக்குக் கராத்தேயில் வழங்கும் சாதாரணப் பெயர் அது. 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவருக்கான 75 கிலோவுக்கு மேற்பட்ட குமித்தே இறுதிப் போட்டி நடந்தது. சவூதி அரேபிய வீரர் தாரெக் ஹமேதி 4–1 என முன்னணியில் இருந்தார். அவர் தலையில் விட்ட உதையால் ஈரான் நாட்டு சஜாத் கஞ்சாதே நினைவிழந்து விழுந்தார். படத்தில் என்றால் இங்கே ஆரவாரம் எழும். ஆனால் நடுவர்களோ, கட்டுப்பாடற்ற அடி என்று ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்தனர். தூக்குப் படுக்கையில் கொண்டுசெல்லப்பட்டவருக்கே தங்கம் கிடைத்தது. மகன் விரும்பினால் இப்போட்டியையும் அதே கைப்பேசியில் பார்க்கட்டும்.

ஆகவே, வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒருநாள் நீங்களோ உங்கள் கணவரோ நேரில் சென்று மாஸ்டரைக் கண்டு பேசுங்கள். இருவர் மோதும் பயிற்சியில் கையுறையும் பற்காப்பும் அணியச் செய்கிறாரா, தலையில் அடிபட்ட பையனை அன்றே உட்காரவைத்து மருத்துவரிடம் காட்டச் சொல்கிறாரா, பணம் கட்டிப் பார்க்கும் பந்தயச் சண்டைகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறாரா என்று வெளிப்படையாகவே கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினால், அன்றே மகனை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.