உடல் யாருக்குச் சொந்தம்?

எந்திர மனிதன் என்றதும் நம் கல்லூரி நண்பர்களுக்கு 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்துச் சிட்டிதான் நினைவுக்கு வருவான். அவன் முழுக்க முழுக்க இயந்திரம். ஜப்பானியரோ மங்கா எனும் படக்கதைகளிலும் அனிமே எனும் சித்திரப் படங்களிலும் பாதி மனிதன், பாதி இயந்திரம் என்ற ‘சைபார்க்’ உயிர்களையும் ஏராளமாகப் படைத்துள்ளனர். சிறுபிள்ளை விளையாட்டு என்று இவற்றை ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை.

ஒசாமு தெசுகா 1952-இல் தொடங்கிய ‘ஆஸ்ட்ரோ பாய்’ கதையில், விபத்தில் மகனை இழந்த விஞ்ஞானி அவன் சாயலிலேயே ஓர் இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். பிள்ளை வளரவில்லை என்று கண்டதும் வெறுத்து, சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார்! 1995-இல் மமோரு ஒஷீ இயக்கிய ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ இன்னும் ஆழமானது. அதில் வரும் பாதுகாப்புத் துறை அதிகாரி மோட்டோகோ குசனாகிக்கு உடல் ஏறக்குறைய முழுவதும் செயற்கை. வேலையை விட்டால் அந்த உடலை அரசிடமே திருப்பித் தந்துவிட வேண்டும்.

இதற்கும் கல்வராயன் மலைக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், செவித்திறன் இன்றிப் பிறந்த குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. காதின் பின்னே மாட்டிய கருவி ஒலியை வாங்கி மின்குறிகளாக்குகிறது. காந்தத்தால் தலையில் ஒட்டிய சுருள் அவற்றைத் தோலைக் கடந்து உள்ளே அனுப்ப, உள்ளே பதித்த மின்முனைகள் செவி நரம்பைத் தூண்டுகின்றன. செவிப்பறைக்கு வேலையே இல்லை! இயற்பியல் மாணவனான எனக்கு இது பெருவியப்பு. அக்குழந்தை சைபார்க் அன்றி வேறு யார்?

உள்ளே வைத்தது நெடுங்காலம் உழைக்கும். வெளியே இருப்பதோ தேயும்; மின்கலம் தீரும்; கம்பி அறும். அன்றே ஒலி நின்றுபோகும். பேச்சுப் பயிற்சியும் மாதக்கணக்கில் வேண்டும். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கும் தாய் இதற்கெல்லாம் அன்றைய கூலியை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் ஊராருக்கு மனு எழுதுவது என் வேலையாகிவிட்டது. கைப்பம்பு வேண்டும் என்ற மனுவுக்கு விரைவில் பலன் கிடைத்ததுண்டு. பழுதான கைப்பம்பைச் சரிசெய்யக் கேட்கும் மனுதான் நெடுநாள் அலையும். செவிக்கும் அந்த நிலை வரலாமா?

குசனாகி உழைத்ததால் அவள் உடலை அரசு பேணியது. நம் குழந்தை எந்த வேலையும் செய்யாமலே அதைக் கேட்கலாம். வெளிக்கருவியின் பழுதும் மாற்றும் வாழ்நாள் முழுவதும் இலவசம் என்று அறுவைச் சிகிச்சை நாளிலேயே பெற்றோரிடம் எழுதிக் கொடுக்கட்டும். மாதம் ஒரு நாளாவது பழுது பார்ப்பவரும் பேச்சுப் பயிற்சியாளரும் வெள்ளிமலைக்கு ஏறி வரட்டும்.