பனிக்குடம் எங்கே போயிற்று?

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழே பேசுவோர். அம்மலையூர்த் தாயொருத்தி ஒன்பதாந் திங்கள் ஆய்வு முடித்து வீடு திரும்புகிறாள் என்று கொள்வோம். அவள் கையிலுள்ள அட்டையின் தலைப்புகள் தமிழில் இருக்கலாம். அவற்றின்கீழ்க் கைப்பட எழுதியவையோ ஆங்கிலம். அதிலும் முழுச்சொல் அன்று, தலையெழுத்துச் சுருக்கம்! தன் வயிற்றிலுள்ள உயிரைப் பற்றிய செய்தி தனக்கே மறைபொருள்! இதனினும் இழிநிலை வேறுண்டோ?

அம்மறைபொருளை அவிழ்த்துப் பார்ப்போம். 'செபாலிக்' என்றால் குழந்தையின் தலை கீழ்நோக்கியுள்ளது. 'பிரீச்' என்றால் புட்டமோ காலோ முந்தி நிற்கிறது. 'எஃப்.எச்.ஆர்.' என்பது குழந்தையின் நெஞ்சத்துடிப்பு. மணித்துளிக்கு 110 முதல் 160 வரை இயல்பு. 'எச்.பி.' என்பது குருதிச் செந்நிறமி. நூறு மில்லிலிட்டர் குருதிக்கு 11 கிராமின் குறைந்தால் குருதிச்சோகை. 'லைக்கர் அடிகுவேட்' என்றால் பனிக்குட நீர் போதிய அளவு உள்ளது. ஆங்கிலத்தில் மதுவை எழுதும் அதே எழுத்துகளைத் தாயின் வயிற்றுக்கும் எழுதுகின்றனர்! பனிக்குடம், நஞ்சுக்கொடி, தொப்புட்கொடி, கருப்பை என நம் பாட்டிமார் நாவில் வழங்கிய சொற்கள் எங்கே போயின? இவற்றைப் புதிதாகப் புனையவும் வேண்டுமோ?

இது வெறும் மொழிப்பற்றன்று; உயிர்ச்சிக்கல். குருதியழுத்தம் 140/90-ஐ எட்டி, சிறுநீரில் புரதமும் கண்டால், அது வலிப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய நோயின் அறிகுறி. அவ்வரியின் பொருளறிந்தவள், நள்ளிரவில் தலை பிளக்க வலித்துக் கண் மங்கினால் விடியும்வரை காத்திராள். உடனே 108 வண்டியை அழைத்துக் கச்சிராயபாளையச் சாலைவழி கள்ளக்குறிச்சிக்கு இறங்குவாள். அறியாதவளோ நெற்றியில் பற்றிட்டுப் படுப்பாள். எழுதியவர் கடமை தாளில் முடிந்தது. அவள் உயிர் எங்கே முடியும்?

"செவிலியர் வாய்மொழியாகச் சொல்கின்றனரே" என்பர் சிலர். கூட்டத்தில் ஒருமுறை கேட்டது மலையேறும் முன்னே மறக்கும். எழுதியதே வீட்டில் நிற்கும். "மருத்துவர்க்கிடையே ஆங்கிலக் குறிப்பு வேண்டும்" என்பர் வேறு சிலர். இருக்கட்டும், அதனருகே ஒரு வரி தமிழ் எழுதினால் எந்த மருத்துவம் கெட்டுவிடும்?

"தமிழில் இயலாது" என்போர் யாழ்ப்பாணத்து மானிப்பாயை எண்ணிப் பார்க்க. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், தமிழ் கற்று, மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார்; மகப்பேற்று மருத்துவ நூலொன்றையும் 1857-இல் தமிழில் வெளியிட்டார். வடசொல் மலிந்த நடைதான். எனினும் அயலானுக்கு இயன்றது தமிழனுக்கு இயலாதாம்!

1956-லேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்தாயிற்று. 2016-இல் இந்திய மருத்துவ மன்றம், மருந்துப் பெயரைத் தெளிவாக, கூடியவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுக என்றது. ஆங்கிலம் அறியாத் தாய்க்குச் சிறிய எழுத்தென்ன, பெரிய எழுத்தென்ன?

தமிழ்நெஞ்சீர்! நம் வீட்டுப் பெண்டிர் ஆய்வுக்குச் செல்லுங்கால் உடன் செல்வீர். "இதைத் தமிழில் எழுதித் தருக, எவ்வறிகுறி கண்டால் உடனே வரவேண்டும் என்பதையும் எழுதுக" எனப் பணிவோடும் உறுதியோடும் கேட்பீர். தாயின் தாளில் தாய்மொழி ஏறட்டும்!