காற்றடிக்காத இரவில் நான் போட்ட சத்தம்

2020 நவம்பர் 24ஆம் தேதி பகல் ஒரு மணியோடு புதுக்கோட்டை உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நிவர் புயல் வருகிறது என்று. கீரமங்கலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மறுநாள் தூறல் போட்டது, காற்று கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். புயல் புதுச்சேரிக்கு வடக்கே கரையேறிப் போய்விட்டது. எங்கள் ஊரில் ஓர் ஓடுகூட நகரவில்லை. சேதமெல்லாம் எங்கள் வீட்டுக்குள்தான். செய்தது நான்.

இரவு ஒரு மணிக்கு எல்லோரையும் எழுப்பினேன். குடம், அண்டா, சொம்பு, பேரனின் பிளாஸ்டிக் டப்பா வரை தண்ணீர் பிடித்து வைத்தேன். வாசற்படியில் வீட்டுக்காரர் கவிழ்த்து வைத்திருந்த வாளி காலில் தட்டியது. அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் வராதவை. ஐந்து வயதுப் பேரன் அவன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்ப் படுத்தார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. இந்த மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்த 1991, 92 வாக்கில் சைக்கிள் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருத்தி. ஊரில் எனக்குத் தைரியசாலி என்று பெயர். அந்தப் பெயரைக் கஜா புயலில் இன்னும் கெட்டிப்படுத்திக்கொண்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கதவைத் திறந்தால், ஒன்றரை ஏக்கரில் நின்ற தொண்ணூற்றாறு தென்னையில் ஏழுதான் நின்றன. மாமியார் வைத்த பலா இரண்டும் வேரோடு சாய்ந்து, முறிந்த கிளைகளில் பால் வடிந்துகொண்டிருந்தது. அந்தப் பால் வாடை பல நாள் வீட்டுக்குள் இருந்தது. கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. நான் அழவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி நிரப்ப ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்குமா என்று அலைந்தேன், பள்ளிக்கூடத்தில் பொங்கிப் போட்டேன். வீட்டுக்காரர் ஒன்பது நாள் கயிற்றுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தார். “டீச்சரைப் பாரு, ஆம்பளையாட்டம் நிக்குது. அவருதான் ஒடஞ்சு போயிட்டாரு” என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒடிந்துபோனவர் குறட்டை விடுகிறார், நின்றவள் அண்டாவோடு நிற்கிறேன்.

அழாததால் உள்ளே தேங்கி இப்போது பீறிட்டது என்று சொன்னால் கதை அழகாக முடிந்துவிடும். அந்த இரவுக்குப் பின் பார்க்கப் போன மனநல மருத்துவரிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அழாமலே நன்றாக இருப்பவர்கள் ஏராளம், அது நோயல்ல என்றார். பிறகு தேடிப் படித்தேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பொனானோ என்ற உளவியலாளரும் பல வருஷ ஆய்வில் இதைத்தான் சொல்கிறார். பெரிய இழப்புக்குப் பிறகும் பெரும்பாலோர் அன்றாடத்தை விட்டுவிடாமல் நடத்திக்கொண்டு போகிறார்களாம். ஆக, அழுதாயா என்று கேட்டுப் பயனில்லை. எது என்னைக் கிளப்புகிறது என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது.

அதைப் பார்க்க நமக்குச் சொல்லும் சரியாக இல்லை. 1936இல் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவர் எலிகளுக்குக் குளிர், காயம், அதிக உழைப்பு என்று எதைக் கொடுத்தாலும் உடம்பு ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதைக் கவனித்து எழுதினார். ஸ்ட்ரெஸ் என்ற பேச்சு அங்கிருந்து வளர்ந்தது. நாம் அதற்கு மன அழுத்தம் என்று பெயர் வைத்தோம். அதே சொல்லை டிப்ரஷனுக்கும் சொல்கிறோம். மனம் என்று முன்னால் ஒட்டிவிட்டதால் உடம்பை யாரும் பார்ப்பதில்லை. எனக்கோ அது மனசில் தொடங்கவே இல்லை. கெண்டைக்காலில் தொடங்கியது. அடுத்து தாடை இறுகும். அப்புறம்தான் வாய்.

வாத்தியார் புத்தி, ஒரு நோட்டுப் போட்டேன். என்ன சத்தம், உடம்பில் முதலில் எங்கே, வாயில் என்ன வந்தது என்று மூன்று கட்டம். நாலு மாதம் எழுதினேன். வெறும் காற்று என்னை ஒன்றும் செய்யவில்லை. தகரக் கொட்டகைமேல் மட்டை உரசினால் போச்சு. கரண்ட் போய் ஃபேன் வேகம் குறையும் அந்த ஒரு நிமிஷம் போச்சு. முந்தின இரவு தூக்கம் இல்லையென்றால் இரண்டு மடங்கு. பசியில் இன்னும் மோசம். பேரன் பக்கத்தில் படுத்திருந்தால் பாதிதான். முன்கோபம் என்பதைப் பிறப்புச் சான்றிதழில் எழுதி வந்ததுபோல நாம் பேசுகிறோம். என் நோட்டில் அது நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கியது.

நோட்டுப் போட எனக்கு வசதி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாதாமாதம் பென்ஷன் வருகிறது. எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் காற்றும் தெரியாது, மட்டையும் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கை நடுங்கும். குழுக் கடன் வசூலுக்கு வரும் வண்டி. அவளிடம் மூச்சை இழுத்து விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வேண்டியது தவணையில் ஒரு வருஷ அவகாசம். தாங்கும் சக்தி என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வளைந்த நாணல் பிழைத்தது என்று உபதேசம் வேறு. எங்கள் தோப்பில் சாயாமல் நின்ற ஏழில் மூன்று, குருத்து முறுக்கிக்கொண்டு, ஆறேழு மாதத்தில் மொட்டையாகிப் பட்டுப்போயின. அதற்குள் நிவாரணத்துக்கு மரக் கணக்கு எடுத்து முடித்துவிட்டார்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500. நின்றவை அதில் இல்லை.

மனுஷர்களையும் அப்படித்தான் எண்ணினார்கள். புயல் கழிந்த கொஞ்ச நாளுக்குள் மனநல ஆலோசனை என்று வந்து பேசிவிட்டுப் போனவர்கள் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்க அவர்களுக்குக் காரணமில்லை. மறுவருஷம் ஐப்பசியில் வந்திருந்தால் தெரிந்திருக்கலாம். நான் கேட்பது இதுதான். பேரிடர் பட்ட ஊர்களில் இரண்டாவது கணக்கு ஒன்று எடுங்கள், ஒரு வருஷம் கழித்து, அதே பருவத்தில். புது ஆள் வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்களே, அவர்களே ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும்: தூக்கம் எப்படி, காற்றடித்தால் எப்படி இருக்கிறது. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும் அவர்களே அடுப்படிச் சுவரில் எழுதிவிட்டுப் போகலாம். கஜாவில் விழுந்த தோப்புகளில் வைத்த நெட்டைக் கன்றுகள் காய்க்க ஆறேழு வருஷம் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆள் தேறுவதற்கு மட்டும் ஏன் பதினைந்து நாள் கெடு?

வீட்டில் எல்லோரிடமும் என் அடையாளத்தைச் சொல்லி வைத்துவிட்டேன். நான் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தால் வாதாட வேண்டாம், சாப்பிட்டியா என்று கேளுங்கள் என்று. போன கார்த்திகையில் ஒரு ராத்திரி காற்று எழுந்தது. கரண்ட் போய், ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. எழுந்து குழாயடிக்குப் போனேன். பின்னாலேயே டார்ச்சோடு பேரன். மற்றொரு கையில் சின்னச் சொம்பு.

“அப்பத்தா, வாளிய நான் அப்பவே உள்ள எடுத்து வச்சுட்டேன்” என்றான்.