சடை பின்னுகிறவள்

இந்திய நவீன ஓவியத்தில் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ‘சோகம்’ என்கிறார்கள். அம்ரிதா ஷெர்கில் என்றால் கேட்கவே வேண்டாம். ‘இந்தியப் பெண்ணின் மௌனத் துயரம்’ என்று ஒரு வரி. அதோடு விமர்சனம் முடிந்துவிடும்.

1937இல், அஜந்தாவையும் தென்னாட்டையும் பார்த்துத் திரும்பிய பின் அவர் வரைந்த ‘மணப்பெண் அலங்காரம்’ டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய ஓவியங்கள் தேசத்தின் கலைச் செல்வங்கள். வெளிநாட்டுக்கு விற்க முடியாது. அப்படி அறிவிக்கப்பட்ட ஒன்பது ஓவியர்களில் ஒரே பெண் அவர். (வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துவேன்.)

படத்தைப் பாருங்கள். நடுவில் வெளுத்த நிறத்தில் மணப்பெண், உள்ளங்கையில் மருதாணி. சுற்றிலும் கறுத்த பெண்கள். ஒருத்தி அவள் கூந்தலைப் பின்னிவிடுகிறாள். மணப்பெண்ணின் துயரத்துக்குத் தேசத்தின் பெயர் கிடைத்துவிட்டது. பின்னுகிறவளுக்குத் துயரமே கிடையாதா? ஷெர்கில் அவளை ஒளிக்கவில்லை, அந்தக் கறுப்பை ஆசையோடுதான் தீட்டியிருக்கிறார். பார்க்காதவர்கள் விமர்சகர்கள். வீட்டின் உள்ளறையைத் தேசத்தின் ஆன்மா என்று கொண்டாடுகிறவர்கள் அங்கே நடப்பதை வேலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொண்டால் கூலியைப் பற்றிப் பேச வேண்டிவரும், சாதியைப் பற்றியும்.

எங்கள் அருப்புக்கோட்டையில் இது விளங்க ஓவியப் படிப்பு தேவையில்லை. நெசவாளர் வீட்டுக்குள் பாதி இடம் தறிக்கு. தார் சுற்றுவது அம்மா, அக்கா, பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னவள். சேலை யார் நெய்தது என்று கேட்டால் அப்பா பெயரைச் சொல்வார்கள். தார் சுற்றியது ‘கூடமாட ஒத்தாசை’. திருச்சுழிப் பக்கமிருந்து வரும் மாணவிகள் விடியுமுன் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், ‘வீட்ல சும்மாதான் இருக்காங்க மேடம்’ என்கிறார்கள். அந்த அம்மா பருத்திக் காட்டுக்கும் போய்வருகிறவர்.

பெண்ணிய இலக்கியத் தாளில் ‘இந்தியப் பெண்மை’ பற்றிக் கட்டுரை வரைக என்று நான் கேட்பதில்லை. இந்தப் படத்தைக் கொடுத்து, இதில் யார் என்ன வேலை செய்கிறார்கள், யாருக்காக என்று எழுதச் சொல்கிறேன். பாடத்திட்டத்தைவிட்டு வெளியே போகிறீர்கள் என்றார் உடன் பணியாற்றுபவர் ஒருவர். போகிறேன். மாணவிகள் மூன்று பக்கம் எழுதுகிறார்கள். மணப்பெண்ணுக்கு அதில் நாலு வரி.